கடலோரத்தில் குடியேற: இருவருக்கு எந்த மாதிரி ஊர் கட்டுப்படியாகும்?

"நாங்க ரெண்டு பேர்தான். கடல் பக்கத்துல, கையைக் கடிக்காத ஊரா ஒண்ணு சொல்லுங்க."

நானும் கணவரும் கடலோரத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி நின்றபாடில்லை. கேட்பவர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், மீதிப் பேர் ஓய்வுபெறப் போகிறவர்கள். எல்லோர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும்: ஐந்தாறு ஊர்ப்பெயர், பக்கத்தில் வாடகை. அந்தப் பட்டியலைப் பார்த்து நான் எதுவும் சொல்வதில்லை. வாடகை இரண்டு வருடத்தில் மாறிவிடும், ஊரின் சுபாவம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதனால் பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ஊரின் ரகத்தைப் பார்க்கலாம்.

கடலோர ஊர்களை ஐந்து ரகமாகப் பிரிக்கிறேன்: சுற்றுலா ஊர், துறைமுக நகரம், பெருநகரத்தின் கடலோரப் புறநகர், சின்னக் கடற்கரை ஊர். ஐந்தாவதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை: கடலிலிருந்து பத்து இருபது கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ஊர். உங்கள் கையிலுள்ள எந்தப் பெயரும் இவற்றில் ஒன்றில், அல்லது இரண்டின் கலப்பில், போய் விழும்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருவரும் சம்பாதிக்க வேண்டிய வீடென்றால் நான் துறைமுக நகரத்தின் கட்சி. அது யாருக்கு ஒத்துவராது என்பதையும் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

இரண்டாவது ஆளின் வேலை. இதைத்தான் முதலில் வைப்பேன். பெரும்பாலான வீடுகளில் ஒருவருடைய வேலையோ ஆசையோ ஊரை முடிவு செய்கிறது, மற்றவர் "பார்த்துக்கலாம்" என்கிறார். அந்தப் பார்த்துக்கலாம்தான் கடலோரத்தின் மிகப் பெரிய செலவு. ஒரு சம்பளம் நின்றுபோனால், வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கு உறைபோடக் காணாது. காசை விடுங்கள், பொழுதும் போகாது. சங்கத் திணை மரபில் நெய்தலுக்கு வைத்த உரிப்பொருள் இரங்கல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒருவர் காத்துக்கொண்டு நிற்பது புதிய சங்கதி இல்லை. இன்றைக்கு ஒருவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ மீட்டிங்கில் இருக்கிறார், மற்றவர் யாரையும் தெரியாத ஊரில் பால்கனியில் நிற்கிறார்.

உப்பு. கடலைப் பார்த்த வீட்டுக்கு வாடகையில் கூட்டிக்கொடுப்பது ஒரு செலவு என்றால், அந்தக் கடல் வீட்டைத் தின்பது இன்னொரு செலவு. எங்கள் முதல் வீடு அலைக்கு நேர் எதிரே இருந்தது. மூன்றாம் மாதம் சமையலறைக் கத்தரிக்கோல் திறக்க மறுத்தது. எட்டாம் மாதம் படுக்கையறை ஜன்னலைத் திறந்தேன், கீல் கையோடு வந்துவிட்டது. சாயங்காலம் கடற்காற்று வீசினால் மூக்குக்கண்ணாடியில் மெல்லிசாக ஒரு படலம் படியும். துடைத்தால் போகாது, கழுவத்தான் வேண்டும்.

அலை உடையும்போது தெறிக்கும் துளிகள் காற்றிலேயே காய்ந்து, பொடி உப்பாக நிலத்தின் மேல் வருகின்றன. கரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரில் இது மிக அதிகம், அதற்கப்புறம் சட்டென்று குறைந்துவிடும். ஆகவே ஒரே ஊரில் முதல் தெருவும் நான்காம் தெருவும் வேறு வேறு பருவநிலை. ஏசியின் வெளி யூனிட்டில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உப்பு ஈரம் பட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்கூட டீக்கறை போலப் பழுப்பு படரும். கடலோரத்தில் 316 கேட்பது அதனால்தான். அதில் மாலிப்டினம் சேர்த்திருக்கும்.

வாடகைக்கு இருப்பவர் இதைச் சகித்துக்கொண்டு போகலாம். வாங்குபவர் போக முடியாது. உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறி உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு ஏறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் வெடித்துச் சில்லாக விழும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், சர்ஃப்சைடு என்ற ஊரில், 2021 ஜூன் 24 அன்று கடற்கரை அடுக்ககம் ஒன்றின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். அங்கே நீர்க்கசிவால் கான்கிரீட் பழுதாகியிருப்பதை 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். விபத்துக்கு அடுத்த ஆண்டே அந்த மாநிலம் பழைய அடுக்ககங்களுக்குக் கட்டாயக் கட்டமைப்புச் சோதனையையும் பழுதுபார்ப்புக்கான சேமிப்பு நிதியையும் சட்டமாக்கியது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஃபிளாட் வாங்கியவர்களுக்கு மாதப் பராமரிப்புக் கட்டணம் எகிறியது. எந்த நாடாக இருந்தாலும் பழைய கடலோர ஃபிளாட்டைப் பார்க்கப் போனால் வரவேற்பறையைப் பார்க்க வேண்டாம். கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போய் மேலே அண்ணாந்து பாருங்கள்.

தண்ணீர், மேலேயும் கீழேயும். வெள்ளத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், நிலத்தடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நீரியலில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கும் கணக்கு ஒன்று உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் ஆழம் வரை நல்ல நீர் இருக்கும். திருப்பிப் படியுங்கள்: ஊரார் உறிஞ்சி மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், உப்பு கீழேயிருந்து நாற்பது மீட்டர் ஏறிவரும். ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் வீடு மலிவாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வீடு பார்க்கும்போது குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதா என்று கை கழுவிப் பாருங்கள்.

அதிகம் உறிஞ்சினால் நிலமே இறங்கும். ஜகார்த்தாவின் வடபகுதியில் சில இடங்கள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்த காலம் உண்டு. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை மொத்தமாக உயர்ந்தது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான். கடல் ஏறுகிறதா என்று கேட்பவர்கள் ஊர் இறங்குகிறதா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரி. வயதானவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஒருவர் விழுந்தால் வண்டி ஓட்ட ஒரே ஆள்தான். மூளையில் ரத்தக்கட்டு அடைத்த பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி, பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக்கசிவா என்று பார்த்தாக வேண்டும். ஆகவே எத்தனை கிலோமீட்டரில் ஆஸ்பத்திரி என்று கேட்டால் போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரி எங்கே என்று கேளுங்கள்.

மோசமான மாதம். கடல் என்றாலே வெயிலும் நீலமும் என்று மனதில் ஒரு படம் ஓடும். பெருவின் லிமா கடலோரத் தலைநகரம்தான். குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால் அங்கே மாதக்கணக்கில் வானம் சாம்பலாகவே கிடக்கும், மழையோ பேருக்குத்தான். வெப்பமண்டலத்தில் இதற்கு நேர்மாறு. பகல் வெயிலைக் கடற்காற்று தணித்தாலும் ராத்திரி புழுக்கம் விடாது, ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். மின்கட்டணத்தை ராத்திரியில்தான் கட்டுகிறோம் என்று சொல்லலாம்.

## ஒரு பார்வையில்

| | சுற்றுலா ஊர் | துறைமுக நகரம் | கடலோரப் புறநகர் | சின்ன ஊர் | உள்தள்ளிய ஊர் |
|---|---|---|---|---|---|
| வாடகை | சீசனுக்குச் சீசன் தாவும் | நிதானம், தெருவுக்குத் தெரு வேறு | அதிகம் | குறைவு | குறைவு |
| இரண்டாவது வேலை | சீசன் வேலைதான் | நல்ல வாய்ப்பு | மிக நல்லது, தூரத்தில் | அரிது | பக்கத்து நகரத்தைப் பொறுத்தது |
| உப்பு | கடும் | தெருவைப் பொறுத்தது | தெருவைப் பொறுத்தது | கடும் | மிகக் குறைவு |
| ஆஸ்பத்திரி | சுமார் | நல்லது | நல்லது | தூரம் | சுமார் முதல் நல்லது வரை |
| ஒளிந்திருக்கும் செலவு | ஒப்பந்தம், விருந்தாளிகள் | புகை, சத்தம் | பயண நேரம் | கார், கரை அரிப்பு | கார், ஆற்று வெள்ளம் |

## சுற்றுலா ஊர்

பட்டியலில் முதல் பெயர் பெரும்பாலும் இதுதான். விடுமுறையில் போய் நான்கு நாள் தங்கி மயங்கிய ஊர். ஆனால் உங்களை மயக்கிய அந்த நான்கு நாளை விற்றுத்தான் அந்த ஊரே பிழைக்கிறது. வீட்டுக்காரருக்குச் சீசனில் ஒரு வாரத்துக்குக் கிடைப்பது, மாத வாடகையில் பெரும்பங்காக இருக்கும். ஆகவே ஒப்பந்தம் ஒன்பது மாதத்துக்கு வரும். சீசன் தொடங்கும்போது நீங்கள் மூட்டை கட்ட வேண்டும். அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்டு தீவில் குளிர்காலத்துக்கு ஒரு வீடு, கோடைக்கு ஒரு வீடு என்று குடும்பங்கள் மாறிக்கொண்டே இருப்பதற்கு "ஷஃபிள்" என்று பேரே வைத்துவிட்டார்கள். ஸ்பெயினின் இபிசா தீவில் ஓட்டல்களில் வேலை செய்பவர்கள் சிலர் வேனிலும் கூடாரத்திலும் படுக்கிறார்கள். வேலை இருக்கிறது, படுக்க இடம் இல்லை.

அரசுகள் விழித்துக்கொண்டிருக்கின்றன. பார்சிலோனா தன் சுற்றுலா ஃபிளாட் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடித்துவிடப்போவதாக 2024-இல் அறிவித்தது. குடியிருப்பவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் "சீசனில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாம் ஊர் சுற்றலாம்" என்று கணக்குப் போட்டு வாங்குபவர்கள் அந்தக் கணக்கை அழித்துவிட்டுப் போட வேண்டும். வெனிஸ் தீவு நகரத்தில் 1951-இல் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-இல் அது 50,000-க்குக் கீழே போனது. குடியிருப்பவர் குறையக் குறைய, பூட்டு ரிப்பேர் செய்பவரும் செருப்புத் தைப்பவரும் போய்விடுகிறார்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு முகமூடி விற்பவர் மட்டும் மிஞ்சுகிறார்.

அப்புறம், விருந்தாளிகள். கடல் பக்கம் வீடெடுத்தால் சொந்தபந்தங்களுக்கு நம்மேல் பாசம் பெருக்கெடுக்கும். இரண்டு பேருக்கு ஒரு படுக்கையறை போதும் என்று போட்ட பட்ஜெட் முதல் பள்ளி விடுமுறையிலேயே காலி.

இந்த ரகம் யாருக்குச் சரி? சுற்றுலாவிலேயே சம்பாதிப்பவர்களுக்கு, ஏற்கெனவே வீடு சொந்தமாக உள்ளவர்களுக்கு, சீசன் முழுக்க வேறு எங்காவது இருக்கும் வழியுள்ளவர்களுக்கு. ஆஃப் சீசனில் அந்த ஊர் சொர்க்கம்தான், மறுக்க மாட்டேன்.

## துறைமுக நகரம்

யாரும் ஆசைப்பட்டுக் கேட்காத ரகம் இது. கிரேன், கன்டெய்னர், லாரி, புகை என்று சொன்னதுமே முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சுளிப்புக்குத்தான் வாடகையில் தள்ளுபடி கிடைக்கிறது.

கப்பலுக்கு ஆஃப் சீசன் கிடையாது. துறைமுகம் இருந்தால் சுங்கம், சரக்குப் போக்குவரத்து, கப்பல் பழுதுபார்ப்பு, வங்கி, ரயில் எல்லாம் பின்னாலேயே வரும். அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி, கல்லூரி வரும், எல்லோருக்குமாகப் பெரிய ஆஸ்பத்திரி வரும். அதாவது நீங்கள் வருவதற்கு முன்பே இரண்டாவது ஆளுக்கு ஊர் தயாராக இருக்கிறது. கணக்காளரோ செவிலியரோ ஆசிரியரோ, ஆட்கள் தேவைப்படுவது வருடம் முழுக்க. எங்கள் வீட்டில் இடம் மாறியதும் வேலையை விட்டது நான்தான். சுற்றுலா ஊராக இருந்திருந்தால் இன்றுவரை சும்மாதான் இருந்திருப்பேன். நாங்கள் இப்போது இருக்கும் இந்தத் துறைமுக நகரத்தில் நான்கு மாதத்தில் வேலை கிடைத்தது.

இன்னொரு லாபம் கப்பல்களின் அளவிலிருந்து வந்தது. கன்டெய்னர் கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, நகரத்தின் நடுவிலிருந்த பழைய துறை ஆழம் போதாமல் ஒதுங்கியது, புதிய துறை ஊருக்கு வெளியே போனது. ஹாம்பர்க், லிவர்பூல், ஜெனோவா என்று பல ஊர்களில் பழைய கிடங்குகள் நடைபாதையாகவும் குடியிருப்பாகவும் மாறின. மாறி முடிந்த கரையில் வீடு தேட வேண்டாம், அங்கே விலை ஏறி முடிந்திருக்கும். அதற்குப் பின்னால் மூன்று நான்கு தெரு தள்ளி, டிராம் அல்லது பஸ் போகும் சாலையில் தேடுங்கள். கடல் காலுக்குப் பத்து நிமிடம், உப்பு ஜன்னலுக்கு ரொம்பத் தூரம்.

சரி, கெட்டதுக்கு வருவோம். முதலில் புகை. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக உலக அளவில் குறைக்கப்பட்டது. நிலைமை முன்னைவிடத் தேவலை, ஆனால் லாரிகளின் டீசல் புகை இருக்கவே இருக்கிறது. பகலில் கடற்காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும். துறைமுகத்துக்கு நேர் பின்னால் வீடு என்றால் புகை உங்கள் மாடிக்குத்தான் வரும். வீடு பார்க்கப் போகும் மத்தியானம், மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள், போதும்.

அடுத்தது ஆபத்தான சரக்கு. பெய்ரூட் துறைமுகத்தில் கிடங்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்து இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அடிக்கடி நடப்பது இல்லை. என்றாலும் எண்ணெய்க் கிடங்குக்கும் ரசாயனக் கிடங்குக்கும் பக்கத்தில் அரை வாடகைக்கு வீடு கிடைத்தால் அதை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, குளிக்கக் கடல் கிடையாது. துறைமுகத்து நீரில் யாரும் இறங்க மாட்டார்கள். நல்ல மணலுக்கு பஸ் பிடிக்க வேண்டும். தினமும் அலையில் கால் நனைக்கத்தான் கடலோரம் போகிறேன் என்பவர்களுக்கு இந்த ரகம் ஏமாற்றம். ஆஸ்துமா உள்ளவர்களும் ராத்திரி சின்னச் சத்தத்துக்கே விழித்துக்கொள்பவர்களும் வேண்டாம். எங்கள் மாடியிலிருந்து ராத்திரி கிரேன் விளக்குகள் தெரியும். மூடுபனி நாளில் சங்கு ஊதும். கணவருக்கு அது தாலாட்டு. எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

## பெருநகரத்தின் கடலோரப் புறநகர்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. இருவருக்கும் பெருநகரத்தில் வேலை, வாரத்தில் இரண்டு நாள் போனால் போதும் என்றால் இதுவே நல்ல தேர்வு. தினமும் போக வேண்டுமென்றால் ஒரு பெருக்கல் போடுங்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, வருடத்துக்கு 220 வேலை நாள் என்றால் 660 மணி நேரம். அதாவது இரவும் பகலுமாக 27 நாளுக்கு மேல், ரயிலில். நீங்கள் வீடு திரும்பும்போது கடல் இருட்டாக இருக்கும், சத்தம் மட்டும் கேட்கும். வாடகையும் பெருநகரத்தைப் பார்த்துத்தான் ஏறும். மலிவு என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை. ஆனால் வேலை போனால் அடுத்த வேலை பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியத்துக்கும் ஒரு விலை உண்டே.

## சின்னக் கடற்கரை ஊர்

வாடகைப் பட்டியலில் கடைசியில், புகைப்படத்தில் முதலில் வரும் ரகம். நல்ல இணைய வசதி இருந்து, இருவரின் வருமானமும் வெளியிலிருந்து வந்தால் இதைவிட மலிவு கிடையாது. ஒருவருடையது மட்டும் வந்தால், நெய்தல் இரங்கலைப் பற்றி மேலே சொன்னதை மறுபடி படியுங்கள்.

காரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பல வீடுகளுக்கு இரண்டு கார். ஒருவர் காரை எடுத்துப் போய்விட்டால் மற்றவர் வீட்டுச் சிறைதான். ஸ்கேன், பல் டாக்டர், துவைக்கும் மெஷின் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் பக்கத்து நகரம். ஊரார் நல்லவர்களாக இருப்பார்கள். ஆனால் மூன்று தலைமுறையாக ஒருவரையொருவர் தெரிந்தவர்களுக்கு நடுவில் நீங்கள் பல வருடம் "புதுசா வந்தவங்க"தான்.

அப்புறம் கரை. அலைகள் மணலைக் கரையோரமாக ஒரு திசையில் தள்ளிக்கொண்டே போகின்றன. நடுவில் கல்சுவரோ மீன்பிடித் துறைமுகமோ கட்டினால், ஒரு பக்கம் மணல் சேர்ந்து கடற்கரை அகலமாகும். மறுபக்கம் மணல் வராமல் கரை அரியும். நீங்கள் பார்க்கும் வீடு சுவருக்கு எந்தப் பக்கம்? வேல்ஸில் ஃபேர்போர்ன் என்ற சின்ன ஊர் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அங்கே கடல் தடுப்பைப் பராமரிப்பதில்லை என்ற திட்டம் வெளியானதும் வீட்டு விலை சரிந்தது, அடமானக் கடன் கிடைப்பது கஷ்டமானது. ஒரு அலைகூட உள்ளே வரவில்லை, காகிதம் மட்டும்தான் வந்தது. பெரிய நகரத்தைக் காக்க எப்படியாவது பணம் வரும், எழுநூறு பேர் ஊருக்கு வருமா என்பது சந்தேகம். வாடகைக்கு இருங்கள், வாங்காதீர்கள். இந்த ரகத்தில் இது மட்டும் என் கண்டிப்பான அபிப்பிராயம்.

சட்டமும் கரையை நகர்த்தும். ஸ்பெயினில் 1988-இல் வந்த கடற்கரைச் சட்டம் கரையை ஒட்டிய நிலத்தைப் பொதுச்சொத்து என்றது. அதற்கு முன் முறையாகக் கட்டிய பல வீடுகளின் சொந்தக்காரர்கள், காலக்கெடு உள்ள அனுபவ உரிமைக்காரர்களாக ஆனார்கள்.

## உள்ளே தள்ளிய ஊர்

கடலிலிருந்து பத்து இருபது கிலோமீட்டர். உப்பு மிகக் குறைவு, சுற்றுலா வாடகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தால் அரை மணியில் மணல். உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போவீர்கள்? எனக்குத் தெரிந்த கடலோரவாசிகள் பெரும்பாலோர், முதல் வருடம் கழிந்தபின், வாரம் ஒரு முறைக்கு மேல் போவதில்லை. நானும்தான்.

ஒரே எச்சரிக்கை, கடலை விட்டுத் தள்ளிப் போனால் தண்ணீரை விட்டுத் தள்ளிப் போனதாக ஆகாது. ஸ்பெயினின் வலென்சியா வட்டாரத்தில் 2024 அக்டோபர் 29 அன்று பெருவெள்ளம். இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மோசமாக அடிபட்டவை பைபோர்த்தா போன்ற, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் புறநகர்கள். மழை மேலே மலைப்பக்கம் கொட்டியது. எப்போதும் வறண்டு கிடக்கும் ஓடையில் அது அலையாக இறங்கி வந்தது. கடலோரமாகவே இருக்கும் வலென்சியா நகரின் மையம் பெரும்பாலும் தப்பியது. 1957-இல் அங்கே வந்த வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றையே நகருக்கு வெளியே திருப்பி விட்டிருந்தார்கள். ஆகவே உள்ளே தள்ளிய மலிவான புறநகரில் வீடு பார்த்தால், காய்ந்த ஓடை எங்கே என்று கேளுங்கள். பாலம் இருந்து தண்ணீர் இல்லாவிட்டால், அந்தப் பாலத்தை யாரோ காரணத்தோடுதான் கட்டியிருக்கிறார்கள்.

காப்பீடும் இதில் சேரும். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தைச் சேர்க்காது. அரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் சின்னம் டிவியில் தெரிந்தபின் ஓடிப் பயனில்லை. எந்த நாட்டிலும் பாலிசியில் "வெள்ளம்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.

## நாடு விட்டு நாடு போகிறவர்களுக்கு

துணைக்கான விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் துறைமுக நகரத்தைப் பற்றி நான் சொன்ன நல்லதில் பாதி உங்களுக்கு உதவாது. வாங்குவதென்றால் கடலோரத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மெக்சிகோவில் கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் வீட்டு நிலத்தை நேரடியாக வைத்திருக்க முடியாது, வங்கி அறக்கட்டளை வழியாகத்தான் வாங்க வேண்டும். அதற்கு வருடக் கட்டணம் உண்டு. தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது, ஃபிளாட் வாங்கலாம், ஒரு கட்டடத்தின் பரப்பில் 49 சதவீதத்துக்குள் இருந்தால்.

## இருவரும் வேறு வேறு ஊர் கேட்டால்

அதுதான் வழக்கம். ஒருவருக்கு மணல், மற்றவருக்கு வேலை. நாங்கள் செய்தது இது: இருவரும் தனித்தனியாக, பார்த்துக்கொள்ளாமல், எது இல்லாவிட்டால் அந்த ஊரில் ஒரு வருடம் தாங்காது என்று மூன்று விஷயம் எழுதினோம். கணவர் எழுதியதில் கடலே இல்லை. நூலகம், ரயில், நடக்கப் பாதை என்று இருந்தது. கடல் கடல் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

பட்டியல் இரண்டு ஊராகச் சுருங்கியதும், வாங்காமல், நீண்ட ஒப்பந்தம் போடாமல், அந்த ஊரின் மோசமான மாதத்தில் மூன்று வாரம் தங்குங்கள். கரையில் வேண்டாம், குடியிருக்கப்போகும் தெருவில். தங்கும் வீட்டின் ஜன்னல் கீலையும் ஏசியின் வெளி யூனிட்டையும் பாருங்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எத்தனை கடை திறந்திருக்கிறது என்று பாருங்கள். வேலை தேட வேண்டியவர் அந்த மூன்று வாரத்துக்குள் இரண்டு இடத்திலாவது நேரில் போய்ப் பேசட்டும். அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சாமான் கட்டும்போது, இரும்பு பீரோவை விற்றுவிட்டு வாருங்கள். நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தோம். இப்போது அதன் கதவைத் திறக்க இருவரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கிறது.